பால்மானி

பாலில் தண்ணீர் கலந்தால் எனக்குத் தெரிந்துவிடும்.
பதினோரு வருஷமாக அதற்குத்தான் சம்பளம்.
ஆலடித்துறை பால் சங்கத்தில்
விடிகாலை ஐந்தரைக்கு ஷட்டரைத் தூக்கி
கண்ணாடிக் குழாயில் பாலை ஊற்றி
பால்மானியை மெல்ல விடுவேன்.
ஒரு குதி குதித்து
இருபத்தெட்டில் நின்றால் நல்ல பசு.
இருபத்திரண்டில் நின்றால்
நல்ல பசு, பக்கத்தில் நல்ல ஆறு.

"மாடு தண்ணி கூடக் குடிச்சிட்டுக்கா" என்பாள் பிரம்மாச்சி.
சிரிக்காமல் எழுதிக்கொள்வேன்.

சங்கம் தொடங்கிய அன்று நாற்பது லிட்டர்,
இப்போது நாலாயிரம்.
வாழை நின்ற வயலில் தீவனப்புல் நிற்கிறது.
காதில் மஞ்சள் தகடு மாட்டிய சீமைப்பசுக்கள்
சித்திரை வெயிலுக்கு நாக்கு தொங்கி
மின்விசிறிக்குக் கீழே படுத்திருக்கின்றன.
பாஸ்புக்கில் தன் பெயரை முதன்முதலாகப் பார்த்த பெண்கள்
எங்கள் ஊரில் இருபத்தாறு பேர்.
அதில் ஒருத்தி நான்.
என் மகள் நர்சிங் படிப்பது இந்த நுரையில்தான்.
ஆற்றுக்காகப் பேச வருகிறவர்கள்
இதை விட்டுவிட்டுப் பேசினால்
எழுந்து போய்விடுவேன்.

மேற்கே பன்னீர் கம்பெனி வந்தபோது
பந்தல் போட்டுப் பாயசம் ஊற்றினார்கள்.
பாலைத் திரித்துக் கட்டியை எடுத்துக்கொண்டால்
மிச்சத் தண்ணீர் எங்கே போகும்?
யாரும் கேட்கவில்லை.
பால் திரிவது தெரிந்த நானும் கேட்கவில்லை.

ஆறு முதலில் நுரைத்தது.
பிள்ளைகள் அள்ளித் தாடி வைத்துக்கொண்டார்கள்.
பிறகு அமலைச்செடி துறையை மூடியது.
பிறகு ஒரு புரட்டாசி விடியலில்
கெண்டையும் அயிரையும்
வாயைத் திறந்து திறந்து மேலே வந்தன,
எதையோ சொல்ல வந்து மறந்ததைப்போல.
"தண்ணிக்குள்ள கெடந்து மூச்சு முட்டிச் செத்திருக்கு, பாத்துக்கிடும்"
என்று மைதீன் பிச்சை வலையைச் சுருட்டினார்.
அவர் இப்போது பேட்டையில்
பிரியாணிக் கடைக்கு வெங்காயம் உரிக்கிறார்.

உறைகிணற்றுத் தண்ணீரில் புளித்த வாடை.
மேலத்தெரு கேன் தண்ணீருக்கு மாறியது.
கீழத்தெரு, குடத்தை ஒரு ராத்திரி திறந்துவைத்து
வாடை போனதாக நினைத்துக்கொண்டு குடித்தது.

திங்கட்கிழமை மனு கொடுத்தோம்.
பகலில் வந்து, பாட்டிலில் பிடித்து,
எல்லாம் அளவுக்குள் இருக்கிறது என்றார்கள்.
ஆறு பகலில் ஒழுங்காகத்தான் இருக்கும்.
குழாய் திறப்பது பதினொன்றுக்கு மேல்.
செயலாளர் திரவியம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.
"கம்பெனிக்காரன் நாளைக்கே பால் வேண்டாம்னுட்டா
நாலாயிரம் லிட்டரையும் யார் மடியில ஊத்துவ?"
என்னிடம் பதில் இல்லை.
இன்றைக்கும் இல்லை.

அன்றிரவு குழாயையும் பால்மானியையும்
முந்தானையில் சுற்றிக்கொண்டு இறங்கினேன்.
கம்பெனி விளக்கு ஆற்றில் நெளிந்துகொண்டிருந்தது.
வெறும் தண்ணீரென்றால் பால்மானி
பூஜ்யம்வரை முழுகவேண்டும்.
முழுகவில்லை.
நாலில் நின்று ஆடியது.
அடிக்கடி திட்டு வாங்கிய பிள்ளை
ஒருநாள் நம்மைப் பார்க்குமே, அப்படி.

திரும்பி வந்து பதிவேட்டில் எழுதினேன்.
உறுப்பினர் பெயர்: ஆறு.
டிகிரி: நாலு.
குறிப்பு: தண்ணீரில் பால் கலப்படம்.
அபராதம் என்ற கட்டத்துக்கு வந்ததும்
பேனா நின்றுவிட்டது.
கம்பெனி பெயரை எழுதலாம்.
அப்புறம் சங்கத்தின் பெயர்.
அப்புறம் கையெழுத்துப் போடுகிறவள் பெயர்.

காலையில் திரவியம் அந்தப் பக்கத்தைப் பார்த்தார்.
கிழிக்கவில்லை.
"திருப்பு" என்றார், ஜன்னலைப் பார்த்தபடி.
வரிசையில் முதல் கேன் பிரம்மாச்சியுடையது.
விட்டேன். குதித்தது.
இருபத்தொன்பது.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

"என்னட்டி, இன்னைக்குத் தண்ணியே ஊத்தலையா?"

காலிக் கேனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு
அவள் சொன்னாள்:
"எந்தத் தண்ணிய ஊத்தச் சொல்லுதக்கா?"